போர் ஓய்ந்த மண்ணில் தொழில்: இருங்காட்டுக்கோட்டையும் கிளிநொச்சியும்

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடத்தின் பெரிய ஆலைகளில் பல, போரில் நொறுங்கிய நாடுகளில் எழுந்த நிறுவனங்கள் தொடங்கியவை. 1996இல் இந்திய நிறுவனத்தைப் பதிவுசெய்து 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியிட்ட ஹூண்டாயும், 2007 முதல் சுங்குவார்சத்திரம் அருகே தொலைக்காட்சியும் ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்துவரும் சாம்சங்கும் கொரியப் போரின் இடிபாடுகளுக்கிடையே காலூன்றியவை. 2010இல் ரெனோவோடு சேர்ந்து ஒரகடத்தில் ஆலை திறந்த நிசானும், 2012இல் அங்கேயே பாரத்பென்ஸ் லாரி உற்பத்தியைத் தொடங்கிய டைம்லரும் இரண்டாம் உலகப் போரில் தோற்ற நாடுகளைச் சேர்ந்தவை. இன்னொரு போரின் நிழலும் இந்த மண்ணில் விழுந்திருக்கிறது. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது ஸ்ரீபெரும்புதூரில்தான். அந்தக் கொலையோடு தொடர்புடைய இலங்கைப் போர் மேலும் 18 ஆண்டுகள் நீடித்து 2009 மே மாதம் முடிந்தது.

ஒரு போர் முடிந்த நாட்டிலிருந்து கிளம்பிய நிறுவனங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் பல்லாயிரம் பேருக்கு வேலை தருகின்றன. பாக் நீரிணைக்கு அப்பால், இன்னொரு போர் முடிந்த வட இலங்கையில், உள்ளூர்த் தொழில்கள் இன்னும் கடை, கராஜ், அரிசி ஆலை என்ற அளவைத் தாண்டத் திணறுகின்றன. கொரியா தனி நாடு, வட இலங்கை ஒரு நாட்டின் மாகாணம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் போருக்குப் பிறகு ஒரு சிறு நிறுவனம் எப்படிப் பிழைக்கிறது, எப்படி வளர்கிறது என்ற கேள்வி இரண்டு இடங்களுக்கும் பொது. முதல் ஆர்டரை யார் கொடுத்தது, பணம் எப்போது கைக்கு வந்தது, நட்டத்தை யார் தாங்கியது என்று பார்த்தால் வேறுபாட்டின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

ஹூண்டாயை நிறுவிய சுங் ஜூ-யுங் 1915இல் இன்றைய வடகொரியப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சோலில் அரிசிக்கடை வைத்தார். ஜப்பானிய ஆட்சியின் அரிசிப் பங்கீட்டு முறையால் கடை மூடப்பட்டது. மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்தார். போர்க்கால ஆணையால் அதுவும் வேறொரு நிறுவனத்தோடு கட்டாயமாக இணைக்கப்பட்டது. 1946இல் மறுபடி பட்டறை, 1947இல் கட்டுமான நிறுவனம். 1950 ஜூன் 25 அன்று போர் மூண்டதும் சோலை விட்டுத் தெற்கே புசானுக்கு ஓடினார். அதுவரை சேர்த்ததெல்லாம் போயிற்று.

புசானில் அவருக்கு வழி திறந்துவிட்டது தம்பி சுங் இன்-யுங். பத்திரிகையாளராக இருந்த அவருக்கு ஆங்கிலம் தெரியும். அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். அந்தத் தொடர்பில் படைவீரர் தங்குமிடங்களைக் கட்டும் வேலை அண்ணனுக்குக் கிடைத்தது. 1952 டிசம்பரில் ஐசனாவர் கொரியாவுக்கு வந்தபோது, புசானிலிருந்த ஐ.நா. கல்லறைத் தோட்டம் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று ராணுவம் கேட்டதாகவும், கடுங்குளிரில் புல் கிடைக்காமல் வயலிலிருந்த பார்லிப் பயிரை லாரி லாரியாகப் பெயர்த்துவந்து நட்டதாகவும் சுங் பின்னாளில் சொல்லிவந்தார். ராணுவத்துக்கு வேண்டியது பசுமை. அது எந்தப் பயிர் என்பது யாருக்கும் பொருட்டில்லை. அதன்பின் ஒப்பந்தங்கள் தொடர்ந்தன. மொழிபெயர்ப்பாளரான தம்பி 1962இல் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த மாண்டோ, இன்று இதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பிரேக், ஸ்டீயரிங் பாகங்கள் செய்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

இந்த வரலாற்றில் பார்லியைவிடக் கவனிக்க வேண்டியது கோர்யோங் பாலம். போர் முடியும் தறுவாயில், 1953இல், சேதமான அந்தப் பாலத்தைச் சீரமைக்கும் அரசு ஒப்பந்தத்தை ஹூண்டாய் எடுத்தது. வெள்ளம் வந்தபோது ஆற்றில் நட்ட தூண்கள் அடித்துச் செல்லப்பட்டன. கையில் ஒழுங்கான இயந்திரங்கள் இல்லை. விலைவாசி மாதத்துக்கு மாதம் ஏறியது. ஒப்பந்தத் தொகையோ பழைய விலையில் போட்டது. கூலி கொடுக்க முடியாமல் வேலை நின்றது. சகோதரர்களின் வீடுகளை விற்று, வட்டிக்குக் கடன் வாங்கி, 1955இல் பெரும் நட்டத்தோடு பாலத்தை முடித்துக் கொடுத்தார்கள். போர் முடிந்த நாட்டில் ஒப்பந்த வேலை எடுக்கும் எவருக்கும் இதுதான் முதல் அபாயம்: குண்டு நின்றுவிடுகிறது, விலையேற்றம் நிற்பதில்லை. விலை உயர்வை ஈடுசெய்யும் பிரிவு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் சிறு நிறுவனம், போரில் பிழைத்து சமாதானத்தில் சாகிறது.

ஹூண்டாய் சாகவில்லை. நட்டப்பட்டும் வேலையை முடித்துக்கொடுத்தது என்ற பெயர் அரசிடம் நிலைத்தது. 1950 ஜூன் 28 அன்று தகர்க்கப்பட்ட ஹான் ஆற்றுப் பாலத்தை மீட்டுக்கட்டும் பெரிய வேலை 1957இல் அந்தப் பெயருக்குத்தான் கிடைத்தது. 1965இல் தாய்லாந்தில் பட்டாணி–நராதிவாட் நெடுஞ்சாலை; கொரிய நிறுவனம் ஒன்று வெளிநாட்டில் எடுத்த முதல் கட்டுமானப் பணி அது. அதிலும் நட்டம்தான், ஆனால் நவீனச் சாலை போடும் முறையை அங்கே கற்றார்கள். அந்த அனுபவத்தோடு சோல்–புசான் நெடுஞ்சாலையின் ஒரு பெரிய பகுதியைக் கட்டினார்கள். 428 கிலோமீட்டர் சாலை 1970 ஜூலையில் திறக்கப்பட்டது. சாலை போட்டவர்களே அதில் ஓட்டக் கார் செய்யவும் முனைந்தார்கள். 1967இல் ஹூண்டாய் மோட்டார் தொடங்கி, ஃபோர்டின் கார்ட்டினாவை உதிரிபாகமாக வாங்கிப் பூட்டி, 1975 இறுதியில் போனி என்ற சொந்தக் காரை உல்சானில் செய்யத் தொடங்கினார்கள். ராணுவக் கொட்டகையிலிருந்து சொந்தக் கார்வரை 25 ஆண்டுகள் ஆயின.

சாம்சங்கின் கதையும் ஏறக்குறைய இதே போக்குதான். 1938இல் தேகு நகரில் லீ பியுங்-சுல் தொடங்கிய வணிக நிறுவனம், சோல் வீழ்ந்தபோது அங்கிருந்த சரக்கையெல்லாம் இழந்தது. 1951இல் புசானில் மறுபடி தொடங்கி, 1953இல் சர்க்கரை ஆலை, அடுத்த ஆண்டு கம்பளித் துணி ஆலை என்று நகர்ந்தது. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை, கச்சாச் சர்க்கரை, பருத்தி ஆகியவற்றைப் பதப்படுத்தும் தொழில்களை அக்காலக் கொரியர்கள் ‘மூன்று வெள்ளைத் தொழில்கள்’ என்றார்கள். உதவிப் பொருளை அப்படியே பங்கிட்டுத் தீர்த்துவிடாமல், அதை உள்ளூர் ஆலைக்குக் கச்சாப்பொருளாக்கியதில்தான் விஷயம் இருக்கிறது. ஜப்பானில் கைகொடுத்தது, ஹூண்டாய்க்குப் போலவே, அமெரிக்க ராணுவத்தின் ஆர்டர். 1950இல் டொயோட்டா, நிசான், இசூசு நிறுவனங்களிடம் அமெரிக்க ராணுவம் லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. விற்பனை படுத்து, ஆட்குறைப்பில் திண்டாடிய அவற்றைத் தூக்கி நிறுத்தியது அந்த ஆர்டர்.

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. கொரியாவில் உதவிப்பொருளும் அந்நியச் செலாவணியும் அரசுக்கு வேண்டியவர்களுக்கே போயின. 1961இல் ஆட்சியைப் பிடித்த பார்க் சுங்-ஹீ, முறைகேடாகச் செல்வம் சேர்த்ததாகத் தொழிலதிபர்கள் மேல் வழக்குப் போட்டு, பிறகு அவர்களையே தம் தொழில் திட்டங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார். வங்கிகள் அரசின் கைக்குள் இருந்தன. தொழிற்சங்கங்கள் நசுக்கப்பட்டன; உல்சானின் ஹூண்டாய்த் தொழிலாளர்கள் சங்கம் அமைக்க 1987இன் பெரும் போராட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மரபின் எச்சம் காஞ்சிபுரத்திலும் தெரிந்தது. 2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரத்துக்காக வேலைநிறுத்தம் செய்தார்கள். 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. போருக்குப் பிந்தைய அவசரத்தில் தொழிலாளரின் குரலை ஒதுக்கிவைத்து வளரும் நிறுவனம், அந்தப் பழக்கத்தைப் பிறகு எங்கே போனாலும் கூடவே கொண்டுபோகிறது.

இனி வட இலங்கை. அங்கே போருக்கு முன் தொழில் இல்லாமல் இல்லை. ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் எழுந்த காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை, பரந்தனின் இரசாயன ஆலை ஆகியவற்றோடு ஆனையிறவு உப்பளமும் அரசுத் துறையில் இருந்தது. தனியாரிடம் மில்க்வைற் சவர்க்காரம், இணுவிலின் அண்ணா கோப்பி போல வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள் இருந்தன. சீமெந்து ஆலையும் உப்பளமும் 1990இல் நின்றன. யாழ்ப்பாணத்துக்கு ரயிலும் அந்த ஆண்டோடு நின்றது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல், சீமெந்து, பேட்டரி எதுவும் வெளிப்படையாக உள்ளே வர முடியவில்லை. ஓட்டிகள் துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் காரை ஓட்டினார்கள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். இந்தக் கைத்திறன் உண்மையான சொத்து. ஆனால் தடைக்குள் பிறந்த தொழிலுக்குத் தடை நீங்கும் நாளே முதல் சோதனை. பாதை திறந்ததும் கொழும்பிலிருந்து வரும் மலிவான, பளபளப்பான பொருளோடு அது மோத வேண்டும்.

2002 போர்நிறுத்தத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்தபோது அந்த மோதலின் முன்னோட்டம் நடந்தது. 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடப்பட்டு, யாழ்ப்பாணக் குடாநாடு கப்பலை நம்பும் நிலைக்குத் திரும்பியது. திறந்த பாதை ஒரே நாளில் மூடப்படக்கூடும் என்ற நினைவு வணிகரின் மனத்தில் எளிதில் அழிவதில்லை. அத்தகைய நினைவுள்ளவர் பத்தாண்டில் பலன் தரும் இயந்திரத்தில் பணம் போடத் தயங்குவார். மூன்று மாதத்தில் காசாகும் சரக்கையே வாங்குவார். கொரியத் தீபகற்பத்திலும் இதற்குச் சான்று உண்டு. ஹூண்டாய் முன்னின்று வடகொரிய எல்லைக்குள் உருவாக்கிய கேசோங் தொழிற்பூங்காவில் தென்கொரியாவின் நூற்றுக்கும் மேற்பட்ட சிறு நிறுவனங்கள் ஆலை வைத்திருந்தன. 2016 பிப்ரவரியில் அரசியல் முடிவொன்றால் அது மூடப்பட்டபோது அவற்றின் இயந்திரங்கள் உள்ளேயே சிக்கிக்கொண்டன.

2009க்குப் பின் புள்ளிவிவரங்கள் உற்சாகமாகவே இருந்தன. 2010, 2011 ஆண்டுகளில் வடமாகாணப் பொருளாதாரம் ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்ததாக இலங்கை மத்திய வங்கி கணக்குக் காட்டியது. தரைமட்டத்திலிருந்து எழும்போது விழுக்காடு பெரிதாகத்தான் தெரியும். நாட்டின் மொத்த உற்பத்தியில் வடக்கின் பங்கு 2009இல் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். ஏ-9 பாதை சீனக் கடனில் செப்பனிடப்பட்டது. ரயில் பாதையை இந்தியக் கடனில் இர்கான் நிறுவனம் போட்டு, 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறையையும் சேர்த்தது. வேலை சிறப்பாக நடந்தது. இன்று அந்த ரயிலில் போகிறவர்கள் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் கோர்யோங் பாலத்தில் ஹூண்டாய்க்குக் கிடைத்த இடம் இங்கே எந்த யாழ்ப்பாண நிறுவனத்துக்கும் கிடைக்கவில்லை. கடன் கொடுத்த நாட்டின் நிறுவனமே வேலையை எடுப்பது இத்தகைய கடன்களின் வழக்கமான நிபந்தனை. உள்ளூர்க்காரருக்கு எஞ்சுவது மண் ஏற்றுவதும் கூலி வேலையும். பாதை மிஞ்சியது, பாதை போடக் கற்ற நிறுவனம் மிஞ்சவில்லை. வட இலங்கையின் மீள்கட்டுமானத்தில் தவறவிட்ட மிகப் பெரிய வாய்ப்பு இதுதான்.

மாறாக அமைந்தது இந்திய வீட்டுத் திட்டம். 2010இல் அறிவிக்கப்பட்ட 50,000 வீடுகளில் 46,000 வடக்குக்கும் கிழக்குக்கும் உரியவை. அவற்றில் பெரும்பாலானவற்றை ஒப்பந்தக்காரர் கட்டவில்லை. வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், கட்டுமானம் ஏற ஏறத் தவணையாக, உரியவரின் வங்கிக் கணக்குக்கே போனது. அத்திவாரம் முடிந்தால் அடுத்த தவணை, சுவர் எழும்பினால் அதற்கடுத்தது. அந்தப் பணம் ஊரிலேயே சுழன்றது. முற்றத்தில் சீமெந்துக் கல் அரிந்தவர்கள், மேசன்மார், தச்சர், மணல் ஏற்றிய உழவு இயந்திரக்காரர், கதவு நிலை செய்தவர், ஓடு விற்ற கடைக்காரர் என்று ஒவ்வொருவருக்கும் அதில் ஆர்டர் இருந்தது. பலர் மேசன் வேலையையே புதிதாகக் கற்றார்கள். குறையும் உண்டு. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பியதால் மணல், மரம், கூலி எல்லாம் விலையேறின. கொடுத்த தொகை போதாமல் பலர் நகையை அடகு வைத்தார்கள். திட்டம் முடிந்ததும் ஆர்டரும் முடிந்தது. கல் அரிந்தவர்களை அடுத்த வேலைக்கு, பள்ளிக் கட்டடத்துக்கோ வடிகாலுக்கோ, சிறு ஒப்பந்தக்காரராக ஏற்றிவிடும் இரண்டாம் படி இருந்திருந்தால் இத்திட்டத்தின் பலன் வீட்டோடு நின்றிருக்காது.

பாதைக்கு அடுத்து வந்தவை வங்கிகளும் லீசிங் கம்பெனிகளும். யாழ்ப்பாண நகரத் தெருக்களில் கிளைகள் வரிசையாக முளைத்தன. கிடைத்த கடனில் பெரும்பகுதி எதற்குப் போனது என்பதே கேள்வி. மோட்டார் சைக்கிள், ஆட்டோ, உழவு இயந்திரம் ஆகியவற்றுக்கு லீசிங் எளிதில் கிடைத்தது. வண்டியே அடமானம், தவணை தவறினால் தூக்கிச் செல்லலாம். பட்டறைக்கு லேத் வாங்கவோ, கச்சாப்பொருள் வாங்கிச் சரக்கு விற்றுப் பணம் வரும்வரை தாக்குப்பிடிக்கவோ கடன் கேட்பவரிடம் வங்கி காணி உறுதியைக் கேட்டது. இடம்பெயர்ந்தவர்களில் பலரிடம் உறுதி இல்லை. தொலைந்துவிட்டது அல்லது எரிந்துவிட்டது. கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டக் காணிகள் பல, அரசு பெர்மிட்டில் இருப்பவை. விற்கவோ அடகு வைக்கவோ அதில் கட்டுப்பாடு உண்டு. பெர்மிட் ஆண் பெயரில் இருந்து அவர் போரில் காணாமற்போயிருந்தால், மனைவியின் நிலை இன்னும் சிக்கல்.

அந்த இடைவெளியில் நுழைந்தது நுண்கடன். காணி வேண்டாம், பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் போதும், கிழமைக்குக் கிழமை கட்ட வேண்டும். வாங்கிய ஏழாம் நாளே முதல் தவணை. கோழி முட்டையிடவும் வெங்காயம் விளையவும் ஏழு நாள் போதாது. ஆக, ஒரு கம்பெனியின் தவணையைக் கட்ட இன்னொரு கம்பெனியில் வாங்கினார்கள். கடன் வசூலிக்க வந்தவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அவமானத்தையும், அதனால் நேர்ந்த தற்கொலைகளையும் பெண்கள் அமைப்புகள் தெருவுக்குக் கொண்டுவந்தன. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. தொழில் தரும் வருமானத்தின் வேகத்துக்கும் தவணையின் வேகத்துக்கும் பொருந்தாத கடன், எவ்வளவு எளிதாகக் கிடைத்தாலும், தொழிலை வளர்க்காது.

பெரிய முதலீடு வரவேயில்லை என்று சொல்ல முடியாது. இலங்கையின் முன்னணி ஆடை நிறுவனமான எம்.ஏ.எஸ். கிளிநொச்சி மாவட்டத்தில் ‘விடியல்’, ‘வானவில்’ என்ற பெயர்களில் ஆலைகள் வைத்தது. வவுனியாவில் இத்தாலிய நிறுவனமான கால்செடோனியாவின் ஒமேகா லைன் ஆலை இயங்குகிறது. குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் நிறைந்த மாவட்டங்களில் மாதச் சம்பளம் என்பதன் பெறுமதி பெரிது. ஆனாலும் துணி, நூல், ஜிப் எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன; தைத்தது அப்படியே கப்பலேறுகிறது. ஊரிடமிருந்து ஆலை வாங்குவது உழைப்பும், ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸும், சாப்பாடும். ஒரு ஆலையைச் சுற்றிப் பத்துப் பட்டறை முளைப்பதற்கு அங்கே வேலையில்லை.

மொசாம்பிக்கில் இதே சிக்கலை எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 1992இல் உள்நாட்டுப் போர் முடிந்த அந்த நாட்டில், மப்பூத்தோ அருகே மொசால் அலுமினிய உருக்காலை 2000இல் உற்பத்தியைத் தொடங்கியது. முதல் கட்டத்தில் உள்ளூர் நிறுவனங்களுக்குக் கிடைத்தது சொற்பம். விரிவாக்கத்தின்போது பெரிய ஒப்பந்தங்களைச் சிறு துண்டுகளாகப் பிரித்தார்கள். உள்ளூர்ச் சிறு நிறுவனங்களுக்கு டெண்டர் எழுதவும், தரச் சோதனைக்கும், பாதுகாப்பு விதிகளுக்கும் பயிற்சி கொடுத்து, அந்தத் துண்டுகளை அவற்றுக்குத் தந்தார்கள். இதனால் மொசாம்பிக் தொழில்நாடாகிவிடவில்லை. ஆனால் பெரிய ஆலைக்கும் சிறு பட்டறைக்கும் இடையிலான பாலம் தானாக அமையாது, யாரேனும் அமர்ந்து கட்ட வேண்டும் என்பது அங்கே தெளிவாயிற்று.

ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் அந்தப் பாலம் அன்றாடக் காட்சி. ஹூண்டாய் வந்தபோது தனக்குப் பழக்கமான கொரிய உதிரிபாக நிறுவனங்களையும் கூட்டிவந்தது. அவற்றின் கீழ் அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் இருந்த சிறு தொழிலகங்கள் ஜாப் ஒர்க் எடுத்தன. ஒரு பிரஸ் ஷாப்புக்கு வெண்டார் கோட் கிடைப்பது எளிதல்ல. வரைபடத்தைக் கொடுத்து மாதிரி கேட்பார்கள். ஒரு பிராக்கெட்டில் துளை மயிரிழை தள்ளியிருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். டையைத் திருத்தி மறுபடி அடிக்க வேண்டும். தரச் சோதனைக்காரர் பட்டறைக்கே வந்து மெஷினையும் பதிவேட்டையும் பார்ப்பார். இந்த இம்சையில்தான் தொழில் கற்கப்படுகிறது. பணம் தாமதமாவது இங்கும் பெரிய நோய். சிறு தொழிலகத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படித் தராவிட்டால் அந்தச் செலவை அவ்வாண்டு வருமான வரியில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அமைதியான நாட்டிலேயே இத்தனை சட்டம் தேவைப்படுகிறது என்றால், போரில் சேமிப்பையெல்லாம் இழந்தவர் நடத்தும் பட்டறைக்கு ஒரு பில் மூன்று மாதம் தள்ளிப்போவது என்ன செய்யும் என்பதை யூகிக்கலாம்.

வடக்கில் நிலமும் ஒரு தடை. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட காணிகள் கொஞ்சங் கொஞ்சமாகத்தான் விடுபட்டன. வளமான மயிலிட்டித் துறைமுகம் மீனவரிடம் திரும்பியது 2017 ஜூலையில். போர் முடிந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு. படையினரும் சிவில் பாதுகாப்புத் திணைக்களமும் பண்ணை நடத்தி, கடை நடத்தி, உள்ளூர் வியாபாரிகளோடு போட்டியிட்டார்கள். மீனவருக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் அடி விழுந்தது: தமிழ்நாட்டு இழுவைப் படகுகள். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டப்படி தடைசெய்தது. ஆனால் நம் கரையிலிருந்து போகும் படகுகள் அவர்கள் வலையை அறுப்பது நிற்கவில்லை. போருக்குப் பின் மீண்டெழ முயலும் சிறு தொழில் ஒன்றுக்குத் தமிழ்நாடு நேரடியாகச் செய்யும் கேடு இது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

காலம் தவறியதும் ஒரு காரணம். போர் முடிந்த நாடுகள் வெளியுதவியை நன்றாகப் பயன்படுத்தக்கூடிய காலம் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளல்ல, நான்காம் ஆண்டிலிருந்து ஏழாம் ஆண்டுவரை என்று பொருளியலாளர்கள் பால் காலியரும் ஆங்கி ஹோஃப்லரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். உதவியோ பெரும்பாலும் முதலிலேயே குவிந்து, சரியாகத் தேவைப்படும் நேரத்தில் வடிந்துவிடுகிறது. வட இலங்கைக்கு அந்தக் காலம் 2013 முதல் 2016 வரை. வீட்டுத் திட்டம் முடிவை நெருங்கிய, தொண்டு நிறுவனங்கள் வெளியேறிய ஆண்டுகள் அவை. அதன்பிறகு 2020இன் கொரோனா முடக்கம், 2021இன் இரசாயன உரத் தடை, 2022 ஏப்ரலில் இலங்கை வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது என்று அடுத்தடுத்து அடி. மண்ணெண்ணெய் இல்லாமல் படகு கரையில் கிடந்தது. உரமில்லாமல் வயல் பாதியாய் விளைந்தது.

இத்தனைக்கும் நடுவே சில தொழில்கள் நின்று நிலைத்திருக்கின்றன. அண்ணா கோப்பி இன்றும் விற்கிறது. நல்லூரின் ரியோ ஐஸ்கிரீம் ஊருக்கு வரும் ஒவ்வொருவரும் தேடிப்போகும் இடம். யாழ் ஐ.டி. ஹப் என்ற தன்னார்வ முயற்சி புலம்பெயர் பொறியாளர்களையும் உள்ளூர் மாணவர்களையும் இணைத்ததில் மென்பொருள் நிறுவனங்கள் முளைத்துள்ளன. அந்தத் தொழிலுக்கு ஏ-9 திறந்தாலும் மூடினாலும் கவலையில்லை. ஆனையிறவு உப்பளத்தின் புதிய ஆலை 2025 மார்ச்சில் திறக்கப்பட்டது. உப்புக்கு ‘ரஜ லுணு’ என்று சிங்களப் பெயர் வைத்தபோது, ஆனையிறவு உப்பு என்றே விற்கவேண்டும் என்று வடக்கில் எதிர்ப்பு எழுந்தது. வெளியாருக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தங்கள் ஊர்ப் பெயரில் விற்கும் பொருள் தங்களுடையது என்ற உணர்வு, போரில் எல்லாம் இழந்த சமூகத்துக்கு வெறும் விளம்பர விவகாரமல்ல.

புலம்பெயர் தமிழரின் பணம் இன்னும் பெரும்பாலும் வீடு, கோயில் திருப்பணி, திருமண மண்டபம் என்றே போகிறது. அதைக் குறை சொல்ல இடமில்லை. பத்திரமான காணியும் நம்பத்தக்க கணக்கும் இல்லாத இடத்தில், தொலைவிலிருக்கும் ஒருவர் தொழிலில் பங்கு போடமாட்டார். பங்கு முதலீட்டுக்குக் கணக்குத் தணிக்கையும், பிணக்கு வந்தால் விரைவில் தீர்ப்பு தரும் மன்றமும் வேண்டும். கொரியாவில் பேச்சு நம்பிக்கையிலும் குடும்ப உறவிலும் நடந்த பல காரியங்களை, உலகெங்கும் சிதறிய சமூகம் காகிதத்தில்தான் செய்ய முடியும்.

தமிழ்நாட்டின் இந்தத் தொழில்தடத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கடல் தூரம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடியது. காங்கேசன்துறைத் துறைமுகத்தைச் சீரமைக்க 6.15 கோடி டாலரை மானியமாகத் தர இந்தியா 2024இல் முன்வந்தது. அந்த வேலை தொடங்கும்போது ஏ-9இலும் ரயில் பாதையிலும் செய்த பிழை திரும்பக் கூடாது. ஒப்பந்தத்தை வகுக்கும்போதே கற்சுவர், வேலி, கிடங்கு, மின்னிணைப்பு போன்றவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வட மாகாண நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும்; விலை ஏறினால் ஈடுசெய்யும் பிரிவும், 45 நாளுக்குள் பணம் என்ற விதியும் அதில் எழுதப்பட வேண்டும். அம்பத்தூரிலும் திருமுடிவாக்கத்திலும் டூல் ரூம் நடத்துபவர்களின் சங்கங்கள், யாழ்ப்பாணம், கிளிநொச்சி தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களை ஆறு மாதம் வேலையில் வைத்துக் கற்றுக்கொடுக்கலாம். மொழித் தடை இல்லை, மொழிபெயர்ப்பாளர் தம்பியும் தேவையில்லை. இந்தியா கொடுக்கும் மானியத்தில் இந்திய நிறுவனங்களுக்கு உள்ள உரிமையைச் சற்றே விட்டுக்கொடுக்க டெல்லி இசைய வேண்டும். அதைக் கேட்டு வாங்க வேண்டிய பொறுப்பு தமிழ்நாட்டின் தொழில்துறைக்கும் மக்கள் பிரதிநிதிகளுக்கும் இருக்கிறது.